முப்பத்தொரு தோட்டாவும் ஒரு ரின் பணியாரமும்

மல்வேர்ன், ஸ்காபரோ
12.07.1994

மதிப்புக்குரிய தில்லையம்பலம் அவர்கட்கு,

பத்மநாதன் எழுதிக்கொள்வது. நாங்கள் இங்கே நலம் என்று தொடங்குவதுதான் முறை. நலமில்லை. ஆனாலும் முறை தெரியாதவன் என்று இன்னொரு குற்றமும் என் தலையில் விழ வேண்டாம் என்பதற்காக, நாங்கள் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் உங்கள் மனைவியும் மகன் தயாபரனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று பிள்ளையாரை வேண்டுகிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளையாரைத்தான் வேண்டுகிறேன். நடந்த முழுவதையும் கண்ணால் கண்டவர் அவர் ஒருவர்தான்.

நேற்றுப் பின்னேரம் வோபர்னிலிருந்து ஜெயரட்ணம் வந்திருந்தார். இரண்டு பகுதிக்கும் பொதுவாக நின்று இந்தச் சம்பந்தத்தைப் பேசியவர் என்பதால் அவர் மேல் எனக்குக் கோபமில்லை. வந்தவர் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, கீழே பேஸ்மன்றுக்குப் போகிற கதவை ஒரு கண்ணாலும் என்னை மற்றக் கண்ணாலும் பார்த்தபடி சொன்னார்.

"அண்ணை, அவையள் பெரிசா ஒண்டும் கேக்கேல்லை. துவக்கைக் கொண்டுபோய்ப் பொலிசிட்டக் குடுத்திட்டு, குடுத்ததெண்டு ஒரு துண்டு எழுதி வாங்கிக் காட்டட்டாம். பிறகு நாள் பாப்பமாம்."

"குடுக்காட்டி?"

"குடுக்காட்டி... அக்கா, உந்தத் தேத்தண்ணிக்குச் சீனி கொஞ்சம் காணாது."

இதுதான் நீங்கள் அனுப்பிய தூது. துவக்கைக் கொடுத்தால் கலியாணம், கொடுக்காவிட்டால் சீனி காணாது. சரி. பதில் தருகிறேன். ஆனால் அதற்கு முதல், உங்கள் ஒஷாவாவிலிருந்து எங்கள் மல்வேர்ன் வரைக்கும் கோயிலிலும் மரக்கறிக் கடையிலும் என்னைப் பற்றி நடக்கிற கதைக்கு, நடந்தது இன்னதென்று ஒரு தரமாவது எழுத்தில் வைக்க வேண்டும். நீங்கள் அரசாங்கக் கச்சேரியில் இருபது வருடம் கோப்புப் பார்த்தவர். நான் ஏழாம் வகுப்போடு நின்றவன், ஆங்கிலத்தை அகராதி வைத்து நானாகவே படித்தவன். ஆனாலும் ஒரு கோப்பை முதல் பக்கத்திலிருந்து வாசிக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். நீங்கள் கடைசிப் பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டுத் தீர்ப்பு எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் துவக்கு. மனிற்றோபாவில், வினிப்பெக்கிலிருந்து ஒரு மணித்தியாலம் தள்ளி ஒரு கோழிப்பண்ணையில் நான் பத்து வருடம் வேலை செய்தேன் என்பது உங்களுக்குத் தெரியும். பெண் கேட்கிறபோது அதைக் கேட்டு, "ஓ, விவசாயம்" என்று நீங்கள் தலையாட்டினீர்கள். அந்த விவசாயத்தில் நரியும் உண்டு. ஒரு பனிக்காலத்தில் நாற்பது கோழியைத் தின்றது. முதலாளிக்குக் கண் மங்கிவிட்டதால், "பட், உனக்குக் கண் நல்லது, நீ ஒரு துவக்கு எடு" என்றார். பத்மநாதன் அவர் வாயில் வெறும் பட். எடுத்தேன். கள்ளத்தனமாக எடுக்கவில்லை. விண்ணப்பம் எழுதி, பொலிஸ் வந்து விசாரித்து, பக்கத்துப் பண்ணைக்காரர் இரண்டு பேர் எனக்காகக் கையெழுத்து வைத்து, அனுமதிப் பத்திரம் வந்தபிறகு எடுத்தேன். ஒற்றைக்குழல் வேட்டைத் துவக்கு. ஐம்பது தோட்டா வாங்கினேன். ஏழு வருடத்தில் பத்தொன்பது செலவு. அதில் இரண்டு நரிக்கு, ஒன்று கோழிக்கூட்டின் தகரக் கூரைக்கு, மிச்சம் பதினாறும் வானத்துக்கு. மனிதர் ஒருவருக்கும் இல்லை. இந்தக் கணக்கை ஞாபகத்தில் வையுங்கள். இதை வைத்துத்தான் நீங்கள் என்னைக் கொலைகாரன் ஆக்கினீர்கள்.

இந்த வருடம் எனக்கு வேலை போதும் என்று ஆயிற்று. மகள் நிலாணிக்கு ரொறன்ரோவில் வேலை கிடைத்து அவள் முன்னரே பிளேனில் வந்துவிட்டாள். நானும் மனைவி யோகமலரும் வீட்டுச் சாமான்களோடு வர வேண்டும். சாமான் ஏற்றும் கம்பனியிலிருந்து ஒருவன் ஒரு கடதாசிக் கட்டோடு வந்து வீடு முழுக்கச் சுற்றி எழுதினான். கட்டில் ஏற்றுவம், ஆட்டுக்கல் ஏற்றுவம், அது என்ன கல்லென்று கேட்கமாட்டம், துவக்கும் நம்பரை எழுதிக்கொண்டு ஏற்றுவம், ஆனால் தோட்டா மட்டும் ஏற்றமாட்டம் என்றான். வெடிக்கிற சாமானாம். மண்ணெண்ணெயும் ஏற்றமாட்டானாம். யோகமலர் ஒரு போத்தல் ஊறுகாயைக் காட்டிக் கேட்டாள், அதற்கும் யோசித்தான். லொறி வந்து சேர ஒன்பது நாள் ஆகும். ஒன்பது நாள் என் துவக்கை முன்பின் தெரியாதவனிடம் விட்டுவைக்க நான் ஆயத்தமில்லை. "நானே கொண்டுபோறன்" என்றேன். யோகமலர், "வித்துப்போட்டு வாங்கோவன், ரொறன்ரோவில என்ன கோழியே வளக்கப்போறியள்?" என்றாள். நான் அன்றைக்கே பொலிசுக்கு ரெலிபோன் எடுத்து, ஒரு மாகாணத்திலிருந்து இன்னொரு மாகாணத்துக்குத் துவக்குக் கொண்டுபோவது எப்படி என்று கேட்டேன். சிறு புத்தகம் ஒன்று தபாலில் அனுப்பினார்கள். மூன்று கிழமை இருந்து படித்தேன். காணி உறுதியைக்கூட இப்படிப் படித்ததில்லை.

புத்தகம் சொன்னபடி துவக்கை வெறுமையாக்கி, விசையில் ஒரு பூட்டுப் போட்டு, நீளப்பெட்டியில் வைத்து, அந்தப் பெட்டிக்கும் ஒரு பூட்டுப் போட்டு, கார் டிக்கியில் வைத்து டிக்கியையும் பூட்டினேன். தோட்டாவை வேறாக வைக்க வேண்டும். டிக்கியில் துவக்கு இருக்கிறபடியால் தோட்டா காருக்குள்தான் வர வேண்டும். ஈரம் படக்கூடாது என்பதால், எங்கள் சனத்தின் வீடுகளில் எல்லாம் கிடக்கிற அந்த நீல வட்ட பிஸ்கற் ரின் ஒன்றை எடுத்து, தோட்டாக்களைக் குலுங்காமல் பழைய வேட்டித் துண்டில் சுற்றி உள்ளே வைத்து, மூடியைச் சுற்றி ஒட்டுத்தாள் ஒட்டி, அதன் மேல் "தொடாதே" என்று தமிழில் எழுதினேன். ஆங்கிலத்தில் எழுதினால் வழியில் கள்ளன் வாசிப்பான். இதில் என்ன பிழை? சொல்லுங்கள் பார்க்கலாம்.

வெளிக்கிடுவதற்கு முந்தின மூன்று நாளும் யோகமலர் உங்கள் வீட்டுக்கென்று பயற்றம் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தாள். முதன்முதல் வீட்டுக்குப் போகும்போது வெறுங்கையோடு போகக் கூடாது, கடையில் வாங்கிய கேக்கோடும் போகக் கூடாது என்பது அவள் கொள்கை. சுட்டு ஆறவைத்து அதே மாதிரி இன்னொரு நீல ரின்னில், துணி சுற்றி அடுக்கி, ஒட்டுத்தாள் ஒட்டி, அதன் மேல் அவளும் "தொடாதேங்கோ" என்று எழுதினாள். கள்ளனுக்காக அல்ல. எனக்காக. நான் வழியில் தின்றுவிடுவேனாம். இரண்டு ரின்னும் ஒரே நிறை. என் ரின் அவள் ஆசனத்துக்குக் கீழே. அவள் ரின் அவள் காலடியில், ஒரு பையில். இரண்டிலும் எழுத்து இருந்தது. எழுத்து இருந்தவரைக்கும் ஒரு பிசகும் இல்லை.

பிசகு சட்பரிக்கு இந்தப் பக்கம் வந்தது. நான் அறுபத்தைந்தில் ஓடிக்கொண்டிருந்தேன். தொண்ணூறில் ஓடலாமாம். கண்ணாடியில் பார்த்தால் எனக்குப் பின்னால் ஒரு லொறி ஊர்வலம், அதற்கும் பின்னால் பொலிஸ் கார். நிறுத்தினேன். உயரமான, மீசை வைத்த பொலிஸ்காரர் வந்து ஜன்னலுக்குள் குனிந்தார். சட்டத்துக்கு முன்னால் மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கில்லை. அவர் வாய் திறக்க முதலே சொன்னேன், "ஐயா, முதலில் ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் காரில் ஒரு துவக்கு இருக்கிறது." அவர் இரண்டு அடி பின்னால் போனார். அவர் கை இடுப்புக்குப் போனது. என்னை இறங்கச் சொல்லி, இரண்டு கையையும் காரின் கூரையில் வைக்கச் சொன்னார். ஆனி மாத வெயிலில் காரின் கூரை தோசைக்கல்லு. உள்ளேயிருந்து யோகமலர் தொடங்கினாள்.

"நான் அப்பவே சொன்னனான், கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ எண்டு. கேக்க முன்னம் ஆரும் சொல்லுவினமே? வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

உங்கள் மனைவி என்ன சொல்கிறார் என்று பொலிஸ்காரர் கேட்டார். பொய் சொல்ல எனக்கு வராது. "என்னை வாயை மூடிக்கொண்டு நிற்கச் சொல்கிறார்" என்றேன். "நல்ல ஆலோசனை" என்றார் அவர்.

டிக்கியைத் திறந்தார். பெட்டியைத் திறந்தார். விசைப் பூட்டை இழுத்துப் பார்த்தார். பத்திரத்தையும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, இருபது வருடத்தில் இவ்வளவு ஒழுங்காகத் துவக்குக் கொண்டுபோகிற ஒருவரைத் தான் கண்டதில்லை என்றார். தில்லையம்பலம், இதை இரண்டு தரம் வாசியுங்கள். இந்த நாட்டுப் பொலிஸ் சொன்னது. தோட்டா எங்கே என்றார். ஆசனத்துக்குக் கீழே ரின் என்றேன். அவர் கண்ணுக்கு இரண்டு ரின் தெரிந்தது. தமிழ் வாசிக்கத் தெரியாததால் இரண்டையும் வெளியே எடுத்து, ஒட்டுத்தாளைக் கிழித்து இரண்டையும் திறந்தார். ஒன்றில் தோட்டா. மற்றதில் பணியாரம். யோகமலர் விடுவாளா? "எடுங்கோ, எடுங்கோ" என்று தமிழிலேயே உபசரித்தாள். மூன்று சாப்பிட்டார். பிறகு இரண்டையும் மூடி, அவரே உள்ளே வைத்தார். எதை எங்கே வைத்தார் என்று நான் பார்க்கவில்லை, என் முகம் காட்டுப்பக்கம் இருந்தது, என் கை கூரையில் வெந்துகொண்டிருந்தது. யோகமலர் பார்த்திருக்க வேண்டும். அவள் அவர் மீசையில் ஒட்டியிருந்த மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாளாம். எழுத்து இரண்டும் ஒட்டுத்தாளோடு றோட்டில் பறந்துபோயிற்று. அவ்வளவுதான் நடந்தது. இதில் என் குற்றம் எந்த இடத்தில் என்று விரல் வைத்துக் காட்டுங்கள்.

வெள்ளிக்கிழமை மல்வேர்னுக்கு வந்தோம். ஆசனத்துக்குக் கீழே இருந்த ரின்னை எடுத்துப் பேஸ்மன்ற் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன். காலடியில் இருந்த ரின்னை யோகமலர் குசினிக்குக் கொண்டுபோனாள். ஞாயிற்றுக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தோம். உங்கள் மனைவியின் சமையல் நன்றாக இருந்தது. கோபத்திலும் அதை மறுக்கமாட்டேன், அந்தக் கத்தரிக்காய்க் குழம்பைப் பற்றி எனக்கு ஒரு முறைப்பாடும் இல்லை. ரின்னை அவரிடம் கொடுத்தோம். வந்தவர் கொண்டுவந்ததை வந்தவருக்கு முன்னாலேயே திறப்பது மரியாதையில்லை என்று, அவர் அதைக் கொண்டுபோய்ச் சாமித்தட்டில், பிள்ளையாருக்கு முன்னால் வைத்தார். அங்கே திறந்திருந்தால் எல்லாரும் சிரித்துவிட்டு எழும்பியிருப்போம். நம் சனத்தின் மரியாதை எங்களை எங்கே கொண்டுபோய் விடுகிறது பாருங்கள். படலை வரைக்கும் வந்து வழியனுப்பினீர்கள். அப்போது யோகமலர் சொன்னாள், "எல்லாருக்கும் காணும், ஆளுக்கு ரெண்டு மூண்டு வரும். சின்னப்பிள்ளையளுக்கும் மறக்காமக் குடுங்கோ." நானும் சும்மா நிற்காமல், "அதுக்குப் பிறகு எங்களை மறக்கமாட்டியள்" என்றேன். பணியாரத்தைப் பற்றி. பணியாரத்தைப் பற்றித்தான் சொன்னோம் என்று இன்னும் எத்தனை பேரிடம் சொல்வது?

அன்று பின்னேரம் உங்கள் தங்கை குடும்பமும் வந்திருக்க, சாமிக்குக் கற்பூரம் காட்டி, எல்லாரும் சுற்றிவர இருந்து மூடியைத் திறந்தீர்களாம். வேட்டித் துண்டுக்குள் முப்பத்தொரு சிவப்புத் தோட்டா. அதன் மேல் என் கையெழுத்தில் ஒரு சீட்டு. எண்ணி வைக்கிற எதிலும் ஒரு சீட்டு வைப்பது என் பழக்கம். "மொத்தம் ஐம்பது. செலவு பத்தொன்பது. மீதி முப்பத்தொன்று. - பத்மநாதன்." உங்கள் தங்கை அதை உரத்து வாசித்தாராம். பிறகு, "அண்ணை, பத்தொன்பது பேரை முடிச்சிட்டு வந்திருக்கிறான்" என்றாராம். நரிகளைப் பற்றி அவருக்குத் தெரிய நியாயமில்லை. ஆனால் கேட்டிருக்கலாம். ஒரு ரெலிபோன். எங்கள் நம்பர் உங்களிடம் இருக்கிறது. கச்சேரியில் இருந்தவர் ஒரு விளக்கம் கோராமல் தீர்ப்பு எழுதலாமா?

எனக்குச் செவ்வாய்க்கிழமை காலையில்தான் தெரிந்தது. தோட்டாவைக் கிழமைக்கு ஒருமுறை எண்ணுவது என் வழக்கம். அலுமாரியைத் திறந்து, ரின்னைத் திறந்தால், பயற்றம் பணியாரம். முதலில் என் மூளைதான் பிசகிவிட்டது என்று நினைத்தேன். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன். பணியாரம்தான். அப்படியென்றால் தோட்டா ஒஷாவாவில். உங்கள் வீட்டில் சின்னப்பிள்ளைகள் வந்துபோகிறார்கள் என்று நினைத்ததும் படியேறி ஓடினேன். உடனே ரெலிபோன் எடுத்தேன். நீங்கள்தான் எடுத்தீர்கள். நான் பேசியது இதுதான், ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"பத்மநாதன். என்ர சாமான் ஒண்டு உங்கட வீட்டில இருக்கு. திறந்து பாத்தியளோ?"

நீங்கள் வாய் திறக்க முதலே மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

"ஒண்டும் செய்யாதேங்கோ. ஒருத்தரும் வீட்டை விட்டு வெளிய போகாதேங்கோ. நான் இப்ப வாறன்."

வைத்துவிட்டீர்கள். வெளியே போக வேண்டாம் என்றது, நான் வரும்போது கதவு திறக்க ஆள் வேண்டுமே என்பதற்காக. வேறு எதற்காக? மறுபடி எடுத்தேன், எடுக்கவில்லை. பதினொரு தரம் எடுத்தேன். இப்போது அது "பதினொரு மிரட்டல்" என்று கோயிலில் கணக்கு. காரை எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்கு வந்தேன். உங்கள் கார் இல்லை. திரைச்சீலையெல்லாம் இழுத்து மூடியிருந்தது. மணியை அடித்து, கதவைத் தட்டி, பின்பக்கமும் போய்ப் பார்த்தேன். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி ஜன்னலால் பார்த்து, அவர்கள் அவசரமாகச் சாமான் கட்டிக்கொண்டு போனார்கள் என்றாள். வந்தவன் தகவல் சொல்லாமல் போகக் கூடாதே என்று கதவு இடுக்கில் ஒரு சீட்டு வைத்தேன். "வந்தேன். நீங்கள் இல்லை. மீண்டும் வருவேன். - பத்மநாதன்." இதில் எந்தச் சொல் மிரட்டல்? "வந்தேன்" மிரட்டலா? "மீண்டும் வருவேன்" என்பது சம்பந்தி ஆகப் போகிறவர் சொல்ல வேண்டிய வார்த்தை இல்லையா?

தோட்டாவுக்கு என்ன நடந்தது என்று ஜெயரட்ணம் நேற்றுத்தான் சொன்னார். கராஜுக்குள் ஒரு வாளி தண்ணீரில் ரின்னோடு அமிழ்த்தி, மேலே ஒரு பலகையும் ஆட்டுக்கல்லும் வைத்திருக்கிறீர்களாம். உங்கள் மனைவி மஞ்சள் தண்ணீர் வேறு தெளித்தாராம். தோட்டா என்ன பேயா? ஒரு துளி ஈரம் படாமல் இரண்டாயிரத்து இருநூறு கிலோமீற்றர் கொண்டுவந்த சாமானை நீங்கள் ஊறுகாய் போட்டு வைத்திருக்கிறீர்கள்.

இதெல்லாம் போகட்டும். உங்கள் தூதின் நடுப்பகுதிக்கு வருகிறேன். துவக்கைக் கொடு என்கிறீர்கள். ஏன்? ரொறன்ரோவில் தமிழன் ஒருவன் வீட்டில் துவக்கு என்றால் சனம் ஒரே ஒரு கதைதான் கதைக்கும், அந்தக் கதையில் உங்கள் பெயர் வரக் கூடாது. அதுதானே? எனக்கு விளங்காமல் இல்லை. ஆனால் நீங்களும் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் அடையாள அட்டையை வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்ததற்காக ஒரு முழு நாள் ஆமிக்காரருக்கு முன்னால் வெயிலில் முழங்காலில் இருந்தவன் நான். அப்போது என் சட்டைப் பையில் இருந்தது ஒரு மூக்குக்கண்ணாடி. இந்த நாட்டுக்கு வந்து, இன்னும் குடியுரிமை கிடைக்க இரண்டு வருடம் இருக்கையில், ஒரு பொலிஸ்காரர் என் வீட்டுக் குசினியில் வந்து இருந்து, என்னோடு தேத்தண்ணி குடித்து, இந்த மனிதனை நம்பித் துவக்குக் கொடுக்கலாம் என்று கையெழுத்து வைத்துவிட்டுப் போனார். அந்தப் பத்திரத்தை நான் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருந்தேன். யோகமலர், கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் அது என்ன என்று சண்டை பிடித்தாள். இரும்புக் குழாய் ஒன்றுக்காக நான் நிற்கிறேன் என்று நினைக்கிறீர்களா? பிழை செய்யாதவன் பிழை செய்தவன்போலப் போய் அதை ஒப்படைத்து, ஒப்படைத்தேன் என்று துண்டு வாங்கி, அதை உங்களுக்குக் கொண்டுவந்து காட்ட வேண்டும். யார் யாருக்குக் காட்டுவது? நான் இன்னும் ஒருதரம் முழங்காலில் இருக்கமாட்டேன்.

ஆகையால் என் முடிவு. ஒன்று, துவக்கு என் பேஸ்மன்றில், பூட்டுக்குள் பூட்டாக, சட்டம் சொன்னபடி இருக்கும். இரண்டு, தோட்டா கெட்டுப்போனாலும் அது என் பொறுப்பு, நான் வந்து எடுக்கும் வரைக்கும் அந்த வாளியை ஒருவரும் தொடக் கூடாது. மூன்று, உங்கள் தங்கை கோயிலில் வைத்துச் சொன்னதைக் கோயிலில் வைத்தே திருப்பிச் சொல்ல வேண்டும். நான்கு, பலகாரமென்று வந்த ரின்னை வெறுமையாகத் திருப்பி அனுப்புவது முறையில்லை, ஒரு சீப்பு வாழைப்பழமாவது வைத்து அனுப்புங்கள். ஐந்து, இந்தச் சம்பந்தம் எங்களுக்கு வேண்டாம். நீங்கள் நிறுத்தவில்லை. நான் நிறுத்துகிறேன். இதை எல்லாரிடமும் சரியான ஒழுங்கில் சொல்லுங்கள். இந்த வீட்டில் ஒருவர் இரண்டு கிழமையாக என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை, சாப்பாட்டையும் தட்டோடு மேலே கொண்டுபோய்விடுகிறார். அது எங்கள் வீட்டு விஷயம். காலம் போக மாறும்.

உங்கள் மகனுக்கு நல்ல இடத்தில், ஆயுதமில்லாத குடும்பத்தில், விரைவில் கலியாணம் கூடி, மக்கள் பேரர் என்று வீடு நிறைந்து நீங்கள் நீடு வாழ வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். உங்கள் மனைவிக்கு யோகமலரின் அன்பு. உங்கள் தங்கைக்கு ஒன்றுமில்லை.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
ந. பத்மநாதன்

பின்குறிப்பு: முத்திரை ஒட்டுகிற நேரம் நிலாணி வேலையால் வந்தாள். மேசையில் கடிதத்தைக் கண்டு, சப்பாத்துக்கூடக் கழற்றாமல் நின்றபடியே பத்துப் பக்கத்தையும் வாசித்தாள். முடித்துவிட்டு, "நல்லா எழுதியிருக்கிறியள் அப்பா" என்றாள். இரண்டு கிழமைக்குப் பிறகு என்னோடு பேசிய முதல் வார்த்தை. சந்தோசப்பட்டேன்.

"இதில துவக்கு எண்டு எத்தினை இடத்தில இருக்கெண்டு எண்ணிப் பாருங்கோ."

எண்ணத் தொடங்கினேன். பாதி வழியிலேயே இரண்டு கை விரலும் முடிந்துவிட்டது.

"இப்ப என்ர பேரை எண்ணுங்கோ."

முதலிலிருந்து கடைசி வரைக்கும் பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"ஒருக்கா," என்றாள் அவள். "அதுவும் பிளேனில வந்ததுக்கு. எனக்கு அவரைப் பிடிச்சிருக்கோ எண்டு நீங்களும் கேக்கேல்லை, அவையளும் கேக்கேல்லை, ஜெயரட்ணம் அங்கிளும் கேக்கேல்லை. பொலிஸ்காரருக்குப் பணியாரம் பிடிச்சதெண்டு மட்டும் எழுதியிருக்கு."

"பிடிச்சிருக்கோ?" என்று கேட்டேன்.

அவள் அழுதாள். யோகமலர் குசினிக்குள்ளேயிருந்து, "இப்பத்தான் கேக்கிறார்" என்றாள், சுவரிடம்.

பொலிசுக்கு ரெலிபோன் எடுத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து எடுத்துக்கொண்டு போவார்கள். துண்டும் தருவார்கள். ஜெயரட்ணத்திடம் கொடுத்து அனுப்பமாட்டேன், ஞாயிற்றுக்கிழமை நானே கொண்டுவந்து உங்கள் கையில் தருகிறேன். ஆவணிக்குள் ஒரு நாள் பார்த்து வையுங்கள். இது நீங்கள் கேட்டதற்காக அல்ல. மேலே எழுதியதெல்லாம் உண்மை, ஒரு சொல்லையும் நான் திரும்பப் பெறவில்லை. ஐந்தாவதை மட்டும் வெட்டிவிட்டு வாசியுங்கள். முதலாவதையும்.

ந. ப.